போர்க்காலக் கருத்துப்படங்களில் குறியீடு: சிங்கமும் புலியும்

போர்க்காலக் கருத்துப்படம் என்பது, போர் நடக்கும் காலத்தில் அல்லது ஒரு போரைப் பற்றி, இதழ்களில் வெளியாகும் அரசியல் கேலிச்சித்திரம் ஆகும். நாடு, படை, தலைவர், மக்கள் ஆகிய பெரிய பொருள்களை ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்க வேண்டியிருப்பதால், ஓவியர் அவற்றுக்குப் பதிலாக ஒரு விலங்கையோ பொருளையோ புராணப் பாத்திரத்தையோ நிறுத்துகிறார். இவ்வாறு ஒன்றுக்குப் பதிலாக நிற்பது குறியீடு எனப்படும். இங்கிலாந்துக்குச் சிங்கம், ரஷ்யாவுக்குக் கரடி, சீனாவுக்கு டிராகன், அமெரிக்காவுக்குக் கழுகு அல்லது உயர்ந்த தொப்பி அணிந்த சாம் மாமா ஆகியவை உலகெங்கும் பழகிப்போன குறியீடுகள்.

இத்தகைய விலங்குகளுள் சிங்கமும் புலியும் தென்னிந்தியாவுடன் நெருங்கிய தொடர்புடையவை. 1799 முதல் 2009 வரை, இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக, இவ்விரண்டும் வெவ்வேறு போர்களில் எதிரெதிராக நிறுத்தப்பட்டுள்ளன. ஒவ்வொரு முறையும் சிங்கம் யார், புலி யார், பார்ப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பவை மாறியிருக்கின்றன.

பார்ப்பவர் கொண்டுவரும் பொருள்

குறியீட்டின் பொருளில் பாதிதான் படத்தில் இருக்கிறது. மறுபாதியைப் பார்ப்பவர் தம்முடன் கொண்டுவருகிறார். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில் மாட வீதியோரம் நிற்கும் சிறுவன்கூட, வாகனத்தைப் பார்த்தே சுவாமியைச் சொல்லிவிடுவான். நந்தி வந்தால் சிவன், மயில் வந்தால் முருகன், மூஞ்சூறு வந்தால் பிள்ளையார். நவராத்திரிக்கு முன்பு வடக்கு மாட வீதியில் பரப்பி வைக்கும் கொலு பொம்மைகளில், சிங்கத்தின் மேல் அமர்ந்திருப்பவள் துர்க்கை என்றும் புலியின் மேல் வருபவர் ஐயப்பன் என்றும் எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்தப் படிப்பு உண்டு. கருத்துப்படம் இந்தப் படிப்பை நம்பித்தான் வரையப்படுகிறது.

தமிழ் இலக்கியத்திலும் இதற்கு நீண்ட பயிற்சி இருக்கிறது. சங்க அகப்பாடல்களில் ஒரு விலங்கின் செயலைச் சொல்வதுபோல் சொல்லி, அதனுள் தலைவனின் செயலை மறைத்து வைப்பர். இது உள்ளுறை உவமம். பெயர்ச்சீட்டு ஒட்டாமல் வரையப்படும் கருத்துப்படம் இவ்வகையைச் சேர்ந்தது எனலாம். புறத்திணை மரபிலோ போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூ உண்டு. ஆநிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை, படையெடுத்துச் செல்ல வஞ்சி, மதிலை வளைக்க உழிஞை, மதிலைக் காக்க நொச்சி, நேருக்கு நேர் பொருதத் தும்பை, வென்றால் வாகை. வீரன் தலையில் சூடிய பூவைக் கண்டே போர் எந்த நிலையில் இருக்கிறது என்று அறியலாம். இன்றும் தேர்தல் முடிவு நாளில் நாளிதழ்கள் ஒருவர் ‘வாகை சூடினார்’ என்று எழுதுகின்றன. வாகைப் பூவை நேரில் பார்த்திராதவருக்கும் அந்தத் தலைப்பு புரிகிறது.

போர்க்களத்தைக் கேலியாகப் பார்க்கும் வழக்கமும் புதியதன்று. முதலாம் குலோத்துங்க சோழனின் படை கலிங்கத்தை வென்றதைப் பாடிய செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில், பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன; அதற்கு முன் யானைத் தந்தத்தால் பல் துலக்கிக்கொள்கின்றன. அரசனைப் புகழும் நூல்தான். ஆனாலும் வெற்றி விருந்தை உண்பவர் யார் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய படங்கள் பிற்கால இதழ்களிலும் குறைவு.

ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பதக்கம்

புலி சோழர்களின் இலச்சினை. சோழர் செப்பேடுகளின் முத்திரையில் புலியோடு பாண்டியரின் இரு மீன்களும் சேரரின் வில்லும் சேர்த்துப் பொறிக்கப்பட்டிருக்கும். மூன்றையும் ஒரே வட்டத்துக்குள் வைப்பதே ‘மூவரும் எமக்குள் அடக்கம்’ என்று சொல்வதாகும். பிற்காலத்தில் புலியைத் தம் அடையாளமாகப் பெரிதும் பயன்படுத்தியவர் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான். அவருடைய அரியணை, வாள், பீரங்கி, வீரர் சீருடை எல்லாவற்றிலும் புலியின் உருவமோ அதன் வரிகளோ இருந்தன. ஐரோப்பியர் ஒருவரைக் கீழே தள்ளி அவர் மேல் நிற்கும் மரப்புலி ஒன்றும் அவரிடம் இருந்தது. கைப்பிடியைச் சுழற்றினால் புலியின் உறுமலும் மனிதரின் ஓலமும் கேட்கும்படி அதனுள் குழாய்கள் பொருத்தப்பட்டிருந்தன. அது இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அச்சில் வராத கருத்துப்படம் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு கொல்லப்பட்டார். கோட்டையைத் தாக்கிய படையின் முக்கியப் பகுதி ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் வேலூரிலிருந்து புறப்பட்ட சென்னை மாகாணப் படை. அந்த வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் அடித்தது. அதில் பிரிட்டிஷ் சிங்கம் ஒரு புலியைத் தரையில் வீழ்த்தி அதன் மேல் நிற்கிறது. மேலே பறக்கும் கொடியில், இறைவனின் சிங்கமே வெல்லும் என்ற பொருளுடைய அரபுத் தொடர். இத்தொடர் திப்பு தம் ஆயுதங்களில் புலிமுக வடிவில் பொறித்துவந்த அதே தொடர் என்பதுதான் வியப்பு. கம்பெனி பகைவனின் விலங்கைத் தோற்கடித்ததோடு நிற்காமல், அவனுடைய வாசகத்தையும் எடுத்துத் தன் சிங்கத்தின் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டது. பதக்கம் தகுதிக்கேற்பத் தங்கம், முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் என்று பிரித்து வழங்கப்பட்டது. சிப்பாய்களுக்குக் கிடைத்தது வெள்ளீயம். புலியை வீழ்த்தும் சிங்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டவர்களில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தனர்.

1857: டென்னியல் வரைந்த படம்

கருத்துப்படத்தை இன்றைய பொருளில் வளர்த்தது லண்டனில் 1841-இல் தொடங்கிய ‘பஞ்ச்’ வார இதழ். ஆங்கிலத்தில் கார்ட்டூன் என்ற சொல்லே சுவரோவியத்துக்காகத் தடித்த தாளில் வரையும் முன்மாதிரியைத்தான் முதலில் குறித்தது. நாடாளுமன்றக் கட்டடத்துக்கான அத்தகைய முன்மாதிரிகளைக் கேலி செய்து 1843-இல் பஞ்ச் வெளியிட்ட படங்களுக்குப் பிறகே அது கேலிச்சித்திரத்தைக் குறிக்கலாயிற்று.

அவ்விதழின் ஓவியர் ஜான் டென்னியல். குழந்தைகளுக்கு இவர் ‘ஆலிஸ்’ கதையின் ஓவியராகத் தெரிந்திருப்பார். 1857-இல் வட இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட செய்தி இங்கிலாந்தை எட்டிய நேரத்தில், ஆகஸ்டு 22 இதழில் டென்னியலின் படம் வந்தது. ஒரு வங்கப்புலி, அதன் காலடியில் ஒரு பெண்ணும் குழந்தையும், புலியின் மேல் பாய்கிறது சிங்கம். வங்கப்புலியைப் பிரிட்டிஷ் சிங்கம் பழிவாங்குவதாகத் தலைப்பு.

இந்தப் படத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலாவதாக, பெண்ணும் குழந்தையும் மட்டுமே மனிதர்கள். கிளர்ந்தவர்கள் மனிதர்களாக இல்லை; ஆகவே அவர்களுக்குக் குறை, கோரிக்கை, காரணம் எதுவும் இருக்க முடியாது. புலி கொல்வது அதன் இயல்பு. இரண்டாவதாக, சிங்கம் பாய்வதும் இயல்புதான். ஆகவே அது செய்வது குற்றமாகாது. மூன்றாவதாக, படத்தில் நீதிமன்றமும் இல்லை, விசாரணையும் இல்லை. அடுத்த மாதம் டெல்லியை மீட்ட பிறகு பிரிட்டிஷ் படை நகரத்தில் நடத்திய கொலைகளில், கிளர்ச்சியில் பங்கு கொண்டவர், கொள்ளாதவர் என்ற வேறுபாடு பெரிதும் பார்க்கப்படவில்லை. ஒரு படம்தான் இதற்குக் காரணம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால், செய்யப்போவதைச் செய்வதற்கு முன்பே அதைச் சரியென்று ஏற்கும் மனநிலையை அப்படம் தயாரித்துக் கொடுத்தது.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. லண்டன் வாசகருக்குச் சிங்கம் தன் நாடு. மயிலாப்பூர்க்காரருக்கோ அது அம்மனின் வாகனம். அதன் எதிரே கிடக்க வேண்டியவன் மகிஷாசுரன். அரசாங்கத்தின் சின்னமாகக் கட்டடங்களிலும் தாள்களிலும் சிங்கம் காட்டப்பட்டபோதும், அம்மன் கோயில் வாசலில் இருந்த சிங்கம் அங்கேயேதான் இருந்தது. பின்னாளில் பாரத மாதாவைச் சிங்கத்துடன் வரைந்த அச்சுப்படங்கள் நாடெங்கும் பரவியபோது, பிரிட்டனின் விலங்கு அதிக ஆரவாரம் இல்லாமல் எதிர் அணிக்கு வந்துவிட்டது. விடுதலைக்குப் பின் 1950-இல் இந்தியா ஏற்ற அரசுச் சின்னம் சாரநாத்தின் சிங்கங்கள். 1970களின் தொடக்கத்தில் தேசிய விலங்காக ஆனது புலி. டென்னியல் சண்டையிட வைத்த இரண்டும் ஒரே நாட்டின் இலச்சினைகளாயின.

பாரதியின் ‘இந்தியா’

பஞ்ச் இதழைப் பார்த்து இந்தியாவிலும் இதழ்கள் தோன்றின. 1877-இல் லக்னோவில் ‘அவத் பஞ்ச்’ உருது மொழியில் வந்தது. பம்பாயில் ‘ஹிந்தி பஞ்ச்’ வந்தது. தமிழில் கருத்துப்படத்தைத் தொடர்ந்து வெளியிட்ட முதல் இதழ், 1906 மே மாதம் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழ். மண்டயம் குடும்பத்தாரின் முதலீட்டில் வந்த அதன் ஆசிரியப் பொறுப்பைச் சுப்பிரமணிய பாரதி ஏற்றிருந்தார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கம் அதன் முகப்பு வாசகம்.

‘இந்தியா’வின் படங்கள் ஒரு போரின் நடுவே வரையப்பட்டவை அல்ல, வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசிக் கிளர்ச்சியின் நடுவே வரையப்பட்டவை. எனினும் ஆள்பவரைப் பகைவராக நிறுத்திய முறையால், அவை போர்க்காலக் கருத்துப்படங்களோடு சேர்த்து எண்ணத்தக்கவை. படத்தின் கருத்தைப் பாரதி கொடுத்தார். படத்தோடு அதன் விளக்கமும் எழுத்தில் வெளியானது. கதைகள், பழமொழிகள், புராணச் சாயல்கள் ஆகியவை வைசிராய் மிண்டோ, இந்திய மந்திரி மார்லி போன்றோரைத் தமிழ் வாசகருக்குப் பழகிய பாத்திரங்களாக்கின.

விளக்கம் தேவைப்பட்டதேன் என்ற கேள்வி எழலாம். தமிழ் வாசகருக்குக் குறியீடு புதிதன்று. மேலே சொன்னபடி அது கோயில் வீதியிலேயே கற்றது. புதியது மார்லியின் முகமும் லண்டன் அரசியலும். ஆகவே விளக்கம் படத்தின் உருவகத்துக்கு அல்ல, செய்திக்குத்தான் தேவைப்பட்டது. அரசாங்கத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 1908-இல் ‘இந்தியா’வின் சட்டப்படியான ஆசிரியர் எம். சீனிவாசன் கைது செய்யப்பட்டுத் தண்டனை பெற்றார். பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அச்சகமும் பின்னால் சென்றது. 1908 அக்டோபரிலிருந்து அங்கே வெளிவந்த இதழ், பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டதால் 1910 மார்ச்சில் நின்றது. கருத்துப்படங்களுக்கென்றே ‘சித்திராவளி’ என்ற இதழை நடத்தவும் பாரதி திட்டமிட்டிருந்தார். அது கைகூடவில்லை. இதழின் படங்களைத் திரட்டி ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த தொகுப்பு 1990களில் வெளிவந்தது.

எம்டன்

முதல் உலகப் போர் சென்னையை ஒரே ஓர் இரவில் தொட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் ‘எம்டன்’ கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்று குண்டு வீசியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தன. சில நாட்களுக்குள் பெருங்கூட்டம் நகரத்தை விட்டு வெளியேறியது. உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் குண்டு விழுந்த இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு உண்டு.

அந்தக் கப்பலுக்குத் தமிழர் ஒரு படமும் வரையத் தேவைப்படவில்லை. பெயரே குறியீடாகிவிட்டது. கண்டிப்பான அப்பா, சாமர்த்தியமான ஆள், அஞ்சத்தக்க வாத்தியார் எல்லாரும் ‘எம்டன்’ ஆனார்கள். இதில் வெறுப்பு இல்லை, அச்சம் கலந்த வியப்புதான் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆளுவோரின் பகைவனைச் சென்னைவாசிகள் தம் பகைவனாக எடுத்துக்கொள்ளவில்லை. நூறாண்டுக்குப் பின் கப்பலை மறந்தவர்களும் சொல்லை மறக்கவில்லை. 2006-இல் ‘எம்டன் மகன்’ என்ற திரைப்படம் ‘எம் மகன்’ ஆகப் பெயர் மாறி வந்தது இதற்கு ஒரு துணைச் செய்தி.

பகைவனை வரையும் வழிகள்

இரு உலகப் போர்களின் படங்களைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, பகைவனை அஞ்சத்தக்கவனாகக் காட்டுவது. மற்றொன்று, சிரிக்கத்தக்கவனாகக் காட்டுவது.

1914 ஆகஸ்டு 12 பஞ்ச் இதழில் எஃப். எச். டவுன்செண்ட் வரைந்த படத்தில், பெல்ஜியம் ஒரு சிறுவன். கையில் சிறு தடியோடு தன் தோட்டத்து வாயிலை மறித்து நிற்கிறான். எதிரே பெரிய தடியோடு வரும் ஜெர்மனி ஒரு பருத்த கிழவர். அவர் சட்டைப்பையிலிருந்து இறைச்சிக் குழல் தொங்குகிறது. அச்சமும் சிரிப்பும் இதில் கலந்துள்ளன. இரண்டாம் போரில் நியூசிலாந்துக்காரரான டேவிட் லோ சிரிப்பின் பக்கமே நின்றார். சர்வாதிகாரியைக் கொடிய அரக்கனாக வரைந்தால் அவன் உள்ளூர மகிழ்வான், முட்டாளாக வரைந்தால்தான் அவனுக்கு வலிக்கும் என்பது அவர் கருத்து. 1939 செப்டம்பர் 20-இல் அவர் வரைந்த படத்தில், போலந்தின் பிணத்துக்கு இருபுறமும் நின்று ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைக் கழற்றி, மிகுந்த மரியாதையோடு, ஒருவரை ஒருவர் இழிசொல்லால் அழைத்துக்கொள்கின்றனர். நாஜிகள் பிரிட்டனைப் பிடித்தால் கைது செய்ய வைத்திருந்த பட்டியலில் லோவின் பெயரும் இருந்தது. அவருடைய படங்களை மைசூரில் சிறுவனாகப் பார்த்து வளர்ந்த ஆர். கே. லக்ஷ்மண், கையெழுத்தை நெடுநாள் ‘கௌ’ என்றே படித்துக்கொண்டிருந்தாராம். அவர் பின்னாளில் சிறிது காலம் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்.

முதல் போர் முடிந்தபின் வந்த படங்களுள் வில் டைசன் 1919 மே மாதம் ‘டெய்லி ஹெரால்டு’ நாளிதழில் வரைந்தது தனித்து நிற்கிறது. வெர்சாய் மாநாட்டிலிருந்து தலைவர்கள் வெளியே வருகிறார்கள். ‘புலி’ என்று பட்டப்பெயர் பெற்ற பிரான்ஸ் பிரதமர் கிளமான்சோ, எங்கோ குழந்தை அழும் ஓசை கேட்பதாக வியக்கிறார். தூணுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. அதன் தலைக்கு மேல் ‘1940’ என்று எழுதியிருக்கிறது. டைசன் ஓராண்டுதான் தவறினார்.

குறியீடு தவறாகப் படிக்கப்படுவதும் உண்டு. 1942 மார்ச்சில் ‘டெய்லி மிரர்’ நாளிதழில் பிலிப் செக் வரைந்த படத்தில், கடலில் உடைந்த மிதவையைப் பற்றிக்கொண்டு கிடக்கிறான் ஒரு மாலுமி. கீழே, பெட்ரோல் விலை ஒரு பென்னி கூடியது என்ற அறிவிப்பு. இவ்வளவு விலை கொடுத்து வரும் பெட்ரோலை வீணாக்காதீர் என்பதே ஓவியரின் நோக்கம். சர்ச்சில் அரசோ, வணிகரின் இலாபத்துக்காக மாலுமி சாகிறான் என்று அதைப் படித்தது. இதழை மூடிவிடுவதாக எச்சரித்தது. படமும் அதே, வாசகமும் அதே. படித்த கண் வேறு. அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் குண்டுவீச்சுக்கு உள்ளாக, சென்னையில் அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மயிலாப்பூர், தியாகராய நகர் வீடுகள் பூட்டப்பட்டன. போர் என்பது அன்றைய சென்னைக் குடும்பத்துக்கு இருட்டடிப்பு, பங்கீடு, மண்ணெண்ணெய் வரிசை ஆகியவையே. சிங்கமும் கழுகும் வெகு தொலைவில் இருந்தன.

உள்ளூர்க் கதையைத் தேடிப் பிடித்தால் குறியீடு எவ்வளவு எளிதாகப் பதியும் என்பதற்கு ஈரான் சான்று. எகிப்தில் பிறந்த ‘கெம்’ என்ற ஓவியர் பிரிட்டிஷ் அரசுக்காக வரைந்த அஞ்சலட்டைகளில், பாரசீகக் காவியமான ஷாநாமாவின் கொடுங்கோல் மன்னன் சஹாக்காக ஹிட்லர் தோன்றுகிறான். கதையில் அவன் தோள்களில் முளைத்த இரு பாம்புகளுக்கு முசோலினி, டோஜோ ஆகியோரின் முகங்கள். நமக்கு இராவணன் எப்படியோ, அவர்களுக்குச் சஹாக் அப்படி.

விலங்காக்குவதன் விளைவு

பகைத்தலைவனை விலங்காக வரைவது வேறு, ஒரு மக்கள்கூட்டத்தையே விலங்காகவோ பூச்சியாகவோ வரைவது வேறு. முன்னதில் குறி வைக்கப்படுவது அதிகாரம். பின்னதில் பக்கத்து வீட்டுக்காரர். இந்த வேறுபாட்டை மறைத்து, எல்லாம் வெறும் நகைச்சுவைதானே என்று கடந்துபோவது சரியன்று.

ஜெர்மனியில் யூலியஸ் ஸ்ட்ரைக்கர் நடத்திய ‘டேர் ஸ்டூர்மர்’ இதழ் யூதர்களை வாரந்தோறும் அருவருப்பான உருவங்களில் வரைந்தது. அவர் எந்தப் படைக்கும் தலைமை தாங்கியவர் அல்லர். எனினும் நியூரம்பெர்க் நீதிமன்றம் அவரை மானுடத்துக்கு எதிரான குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. 1946 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்டார். 1994-இல் ருவாண்டாவில் துட்சி மக்கள் ‘கரப்பான்பூச்சிகள்’ என்று அழைக்கப்பட்டனர். அத்தகைய எழுத்துகளையும் படங்களையும் வெளியிட்ட ‘கங்குரா’ இதழின் ஆசிரியர் 2003-இல் பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் தண்டனை பெற்றார்.

நல்லெண்ணம் கொண்டவரும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். குழந்தை நூல்களுக்குப் பெயர்பெற்ற டாக்டர் சூஸ், 1942 பிப்ரவரி 13 அன்று, அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர்கள் ஒரே முகத்தோடு வரிசையில் நின்று வெடிமருந்து வாங்குவதாக வரைந்தார். ஆறு நாள் கழித்து அவர்களை வீடுகளிலிருந்து அப்புறப்படுத்த வழிசெய்த ஆணை வந்தது. போருக்குப் பின் ஜப்பான் சென்று வந்த அவர், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களின் குரலைக் கேட்கும் யானையைப் பற்றி 1954-இல் ஒரு கதை எழுதி, ஒரு ஜப்பானிய நண்பருக்குக் காணிக்கையாக்கினார். பழைய படத்தைத் திரும்பப் பெற அவரால் முடியவில்லை.

இலங்கையில் சிங்கமும் புலியும்

இலங்கையின் தேசியக் கொடியில் வாளேந்திய சிங்கம் உள்ளது. சிங்கள மக்களின் தோற்றத்தைச் சிங்கத்தோடு இணைக்கும் மகாவம்சக் கதை அதன் பின்புலம். 1976-இல் தோன்றிய விடுதலைப் புலிகள் இயக்கம் சோழர் மரபை நினைவூட்டும் புலியைச் சின்னமாக்கிக்கொண்டது. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் அகதிகளாக வந்தவர்களும் பல போராளி இயக்கங்களின் அலுவலகங்களும் சென்னைக்கு வந்து சேர, அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதிகளில் அந்தப் போர் அண்டை வீட்டுச் செய்தியாயிற்று. தமிழ் நாளிதழ்த் தலைப்புகளில் ‘புலிகள்’ என்ற சொல்லுக்கு முன்னொட்டோ விளக்கமோ தேவைப்படாமல் போனது. 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டு, 1992-இல் இயக்கம் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பிறகு, அதே சொல்லை அதே நகரத்தில் வேறு குரலில் உச்சரிக்க வேண்டியிருந்தது.

கேலிச்சித்திரக்காரருக்கு இதைவிட வசதியான குறியீடு கிடைக்காது. இரு தரப்பும் தாமே தம் விலங்கைத் தேர்ந்துகொண்டன; டென்னியலைப் போல் வெளியிலிருந்து ஒருவர் மாட்டிவிடவில்லை. அந்த வசதியில்தான் ஆபத்தும் இருந்தது. சிங்கமும் புலியும் மோதும் கட்டத்தில் மூன்றாமவருக்கு இடமில்லை. புலியைச் சின்னமாக ஏற்காத தமிழரும், சிங்கத்தின் பெயரால் நடப்பதை விரும்பாத சிங்களரும், இரண்டிலும் சேராத முஸ்லிம்களும் மலையகத்தாரும் படத்துக்கு வெளியே நின்றனர். 2009-இல் முள்ளிவாய்க்காலின் மணல் திட்டில் சிக்கியவர்கள் விலங்குகள் அல்லர். கூடாரத்திலும் பதுங்குகுழியிலும் பிள்ளைகளோடு இருந்த குடும்பங்கள். இறுதி மாதங்களில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் கூறியது. 1857 படத்தில் பெண்ணும் குழந்தையுமாவது மனிதராக இருந்தனர்.

விலங்கில்லாமலும் போரை வரைய முடியும் என்பதற்குப் பாலஸ்தீன ஓவியர் நாஜி அல் அலி எடுத்துக்காட்டு. அவர் உருவாக்கிய ‘ஹந்தாலா’ பத்து வயது அகதிச் சிறுவன். வெறுங்கால், ஒட்டுப்போட்ட உடை. அவன் எப்போதும் நமக்கு முதுகைக் காட்டி, நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வாசகர் எந்தத் திசையில் பார்க்கிறாரோ அதே திசையில் அவனும் பார்க்கிறான்; பகைவன் யார் என்று அவன் சொல்வதில்லை. நாஜி அல் அலி 1987 ஜூலை 22 அன்று லண்டன் தெருவில் சுடப்பட்டு, அடுத்த மாதம் இறந்தார்.

இலங்கையில் டபிள்யூ. ஆர். விஜேசோமவின் ‘புஞ்சி சிங்கோ’ என்ற எளிய மனிதரும் இத்தகையவரே. பெயரில் சிங்கம் இருந்தும் விலங்கல்லர். விலைவாசியையும் அரசியலையும் தாங்கி நிற்கும் சாமானியர்.

போர் முடிந்த பின்னும் படம் வரைபவருக்கு ஆபத்து முடியவில்லை. போரின் இறுதிக் கட்டத்தில் இரசாயன ஆயுதங்கள் பயன்படுத்தப்பட்டனவா என்று ஆராய்ந்துவந்ததாகக் கூறப்படும் சிங்களப் பத்திரிகையாளரும் கருத்துப்பட ஓவியருமான பிரகீத் எக்னலிகொட, அதிபர் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, 2010 ஜனவரி 24 அன்று காணாமல் போனார். அவருடைய மனைவி சந்தியா, காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடும் தமிழ்த் தாய்மாருடன் சேர்ந்து நீதி கேட்டுவருகிறார்.